எங்கட மழையும் இல்லை, எங்கட தமிழும் இல்லை

பின்னேரம் வேலை முடிஞ்சு திருகோணமலை உப்புவெளியில வீட்டுக்கு வந்தா, ஒரு மணித்தியாலம் ரீவி பார்க்கிறது என்ர பழக்கம். அதையும் கெடுத்துப்போட்டாங்கள்.

டிஷ்ஷில வாற தமிழ்நாட்டுச் சனல் எதுக்கு மாத்தினாலும் மாமியாரும் மருமகளும்தான். ஒருத்தி கதவைத் திறப்பாள். உடனே இடிச்சத்தம், வீட்டில இருக்கிற எட்டுப் பேரின்ர முகத்தையும் மூண்டு மூண்டு தரம் காட்டுவாங்கள். வெளியில ஆர் நிக்கிறதெண்டு அறிய அடுத்த கிழமை மட்டும் இருக்கோணும்.

அதைவிட நெஞ்சு எரியிறது மழைக்காலத்திலதான். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு, புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கால கரை கடந்தது. "தம்பி, காத்து எந்தப் பக்கத்தால வருதாம்?" எண்டு அம்மா கேட்டுக்கொண்டே இருந்தா. சனல் சனலா மாத்தினன். சென்னையில எந்த ரோட்டில தண்ணி நிக்குதெண்டு சொல்லுறாங்கள், புயல் வந்த எங்கட குச்சவெளிப் பக்கத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. மழை இறுகினதும் டிஷ்ஷும் போச்சு. மழைத்துளி சிக்னலை உறிஞ்சிப்போடும், அதில ஆரையும் குறை சொல்லேலாது. கடைசியில றேடியோதான் கை குடுத்தது.

இலங்கைக்கு ரீவி வந்தது 1979இல. இவ்வளவு காலத்துக்குப் பிறகும் எங்கட மாவட்டத்து மூதூரிலயும் கிண்ணியாவிலயும் கதைக்கிற தமிழை ஒரு நல்ல நாடகத்தில கேக்க ஆசைப்படுறது பிழையா? என்ர மகள் இப்ப "என்ன பண்றீங்கப்பா?" எண்டுதான் கேக்கிறாள். "என்ன செய்யிறீங்கள்" எண்டு அவளின்ர வாயால கேட்டுக் கனநாள்.