விடாக்கண்டன் வைஃபை

நேற்று ஒரு முக்கியமான வீடியோ காலில் இருந்தேன். பேசிக்கொண்டே கூடத்திலிருந்து மாடி அறைக்குக் கிளம்பினேன். நான் செய்த குற்றம் அவ்வளவுதான். பாதிப் படியில் திரையில் இருந்தவர் வாயைத் திறந்தபடி உறைந்துபோனார். "ஹலோ, கேட்குதா? ஹலோ?" என்று நான் கத்தியது எனக்கு மட்டுமே கேட்டது.

மாடி அறையில் கை எட்டும் தூரத்தில், ரூட்டரின் சிக்னலை வாங்கி மறுபடி பரப்பும் ஒரு ரிப்பீட்டர் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு சும்மா இருக்கிறது. இதற்காகவே வாங்கி மாட்டியது. ஆனால் என் போன் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு சுவர், ஒரு தளம் தாண்டிக் கீழே இருக்கிற ரூட்டரை, அந்த ஒற்றைக் கோடு சிக்னலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறது. போன் விடாக்கண்டன், ரூட்டர் கொடாக்கண்டன். நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது நான்.

இந்த வியாதிக்கு நெட்வொர்க் வேலை பார்ப்பவர்கள் 'ஸ்டிக்கி கிளையன்ட்', அதாவது ஒட்டிக்கொண்டு விடாத கருவி, என்று பெயரே வைத்திருக்கிறார்கள். எந்த ரூட்டரில் ஒட்டுவது, எப்போது விடுவது என்று கடைசி முடிவு எடுப்பது பெரும்பாலும் போன்தான். ஐபோனில் சிக்னல் மைனஸ் 70 டிபிஎம்முக்கு (சிக்னல் பலத்தை அளக்கும் அலகு) கீழே இறங்கினால்தான் வேறு இடம் தேடவே ஆரம்பிக்கும் என்று ஆப்பிளே எழுதி வைத்திருக்கிறது. தேடிக் கண்டுபிடித்தாலும் உடனே தாவாது. டேட்டா ஓடிக்கொண்டிருந்தால் புதியது 8 டிபியாவது கூடுதலாக இருக்க வேண்டும், சும்மா இருந்தால் 12. (3 டிபி குறைந்தாலே பலம் பாதியாகிவிடும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் பாருங்கள்.) அதுவும் ரூட்டர், ரிப்பீட்டர் இரண்டின் வைஃபைக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால்தான் இந்தக் கணக்கே. சரி என்று ஒரே பெயரையும் வைத்துப் பார்த்தேன். இப்போது போன் எதைப் பிடித்துத் தொங்குகிறது என்பதுகூட எனக்குத் தெரிவதில்லை.

அந்தக் கோடுகள் இருக்கின்றனவே, அவற்றைப் போல ஏமாற்றுகிற விஷயம் போனில் வேறு இல்லை. போனுக்கும் ரூட்டருக்கும் நடுவில் சிக்னல் எப்படி என்பதை மட்டும்தான் அவை காட்டும். ரூட்டருக்கு அந்தப் பக்கம் இணையம் செத்துக் கிடந்தாலும் முழுக் கோடும் ஜம்மென்று நிற்கும். உண்மையில் இணையம் வருகிறதா என்று ஆண்ட்ராய்டு ஒரு வெற்றுப் பக்கத்தைக் கேட்டுச் சோதித்துப் பார்ப்பது உண்மைதான். ஆனால் 'இணைய வசதி இல்லை' என்று அது சொல்லும்போது நான் பத்து முறை திரையை இழுத்து விட்டு ஓய்ந்திருப்பேன்.

தெருவில் போனால் கதை தலைகீழ். வீட்டில் விடமாட்டேன் என்று அடம்பிடித்த அதே போன், எப்போதோ ஒரு நாள் சேர்ந்த ஏதோ ஒரு பொது வைஃபை வாசலைக் கடந்தால் போதும், என்னைக் கேட்காமல் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். லாகின் பக்கத்தில் நான் பட்டனை அழுத்தும்வரை அங்கே ஒன்றும் வராது. மொபைல் டேட்டாவில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த வரைபடம் சரியாகத் திருப்பத்தில் நின்றுவிடும்.

சரி, வைஃபையை அணைத்துத் தொலைப்போம் என்றால் அதையும் விட்டுவைக்கவில்லை. 2017இல் ஐபோனுக்கு ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து, திரையை இழுத்தால் வரும் கன்ட்ரோல் சென்டரில் வைஃபையைத் தட்டினால் அது அணைவதில்லை. அப்போது பிடித்திருக்கிற நெட்வொர்க்கை மட்டும் விடுகிறது. விடியற்காலை 5 மணிக்குத் தானாக மறுபடி ஒட்டிக்கொள்ளும். 2021இல் ஆண்ட்ராய்டு 12 தன் பங்குக்கு வைஃபையையும் மொபைல் டேட்டாவையும் 'இன்டர்நெட்' என்ற ஒரே கட்டத்தில் போட்டு மூடியது. ஒரு தட்டில் நடந்த வேலைக்கு அதோடு இரண்டு தட்டு ஆனது. யார் கேட்டார்கள் இதை?

இன்னொன்று. வைஃபையிலிருந்து டேட்டாவுக்கு மாறினால் போனின் ஐபி முகவரி, அதாவது இணையத்தில் அதை அடையாளம் காட்டும் எண், மாறிவிடுகிறது. பழைய முகவரியை நம்பி ஓடிக்கொண்டிருந்த இணைப்பு அங்கேயே அறுந்துபோகும். முகவரி மாறினாலும் இணைப்பு அறாமல் தொடரும் வழி இல்லாமல் இல்லை. ஒரே இணைப்பைப் பல பாதைகளில் ஓட்டும் மல்டிபாத் டிசிபி என்ற விதிமுறையை 2013இலேயே எழுதி வைத்தார்கள். குவிக் என்ற இன்னொரு விதிமுறை 2021இல் தரநிலையாகவே வந்துவிட்டது. வழி எல்லாம் இருக்கத்தான் இருக்கிறது, நான் மட்டும் படியில் நிற்கிறேன்.

இப்போதெல்லாம் வீடியோ காலில் இருக்கும்போது மாடிக்குப் போக வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: "ஒரு நிமிஷம், படி ஏறப் போறேன்." வழக்கமாகப் பேசுகிறவர்களுக்குப் பழகிவிட்டது. "சரி, ஏறிட்டுக் கூப்பிடுங்க" என்று அவர்களே வைத்துவிடுகிறார்கள்.