அந்த 10, 20, 90 சதவீதக் கணக்கு எட்கர் டேலுடையது இல்லை

"படித்தால் 10 சதவீதம், கேட்டால் 20, செய்து பார்த்தால் 90 சதவீதம் மனதில் நிற்கும்" என்று சொல்லும் முக்கோணப் படத்தை நம்பி, தொடக்கப் பள்ளியில் வாசிப்பையும் விளக்கிச் சொல்வதையும் குறைத்துவிடலாம் என்று தயவுசெய்து முடிவுக்கு வராதீர்கள். அந்தப் படத்தை அமெரிக்கக் கல்வியாளர் எட்கர் டேலின் பெயரில் சொல்கிறார்கள், ஆனால் அவர் 1946-ல் வரைந்த 'அனுபவக் கூம்பு' என்ற படத்தில் ஒரு சதவீதம்கூடக் கிடையாது. கற்கும் வழிகளை நேரடி அனுபவத்தில் தொடங்கி, படம், கடைசியில் சொல் என்று அவர் வகைப்படுத்தினார், அவ்வளவுதான். எண்கள் பிற்பாடு வேறு யாரோ ஒட்டியவை, அவற்றுக்கு ஆய்வு ஆதாரம் இல்லை.

செயல்பாடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரண்டாம் வகுப்பில் 32-லிருந்து 15 கழிக்க, பத்துப் பத்தாகக் கட்டிய 3 குச்சிக் கட்டும் 2 உதிரியும் கொடுங்கள். 5 உதிரி எடுக்க முடியாமல் திணறி, ஒரு கட்டின் ரப்பர் பேண்டைத் தானே அவிழ்க்கும்போதுதான் குழந்தைக்கு 'கடன் வாங்குவது' புரிகிறது. ஆனால் அதோடு நிறுத்தினால் குச்சி விளையாடியது மட்டும்தான் ஞாபகம் இருக்கும். "ஏன்டா கட்டைப் பிரிச்சே?" என்று கேட்டு அவன் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும், அப்புறம் அதே கணக்கைக் கரும்பலகையில் பக்கத்திலேயே எழுதி, எந்த இலக்கம் எந்தக் கட்டு என்று தொட்டுக் காட்ட வேண்டும். ரெண்டு நாள் கழித்து, குச்சி இல்லாமல் இன்னொரு கணக்கு கொடுத்துப் பாருங்கள், புரிந்ததா இல்லையா என்று அங்கேதான் தெரியும்.