பழைய மொடல் வைத்திருப்பவர்களையும் பாருங்கள்

மின்சார மோட்டார் சைக்கிள்களில் வருடா வருடம் புது மொடல் வருவது வாடிக்கையாளருக்கு நல்லது என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். வாங்கப் போகிறவருக்குச் சரி. ஏற்கெனவே வாங்கியவருக்கு?

2022இல் பெற்றோல் வரிசையில் நின்று களைத்துத்தான் பாவித்த மின்சார பைக் ஒன்றை வாங்கினேன். மட்டக்களப்பில் கல்லடியிலிருந்து களுவாஞ்சிகுடிக்குத் தினமும் அதில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். போன மாதம் நடு வழியில் நின்றுவிட்டது. சீற்றைக் கழற்றினால், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கொன்ட்ரோலரின் பிளக் பின்களில் பச்சையாகக் களிம்பு பூத்திருக்கிறது. உப்புக்காற்று செய்த வேலை. விற்ற கடையில் கேட்டால், “அந்த மொடல் இப்ப வாறதில்லை அண்ணன்” என்கிறார்கள். புது மொடலின் பிளக் இதற்குப் பொருந்தாது. ஆரையம்பதியில் பைக் திருத்தும் ஒரு தம்பிதான் வயரை வெட்டி ஈயம் வைத்து ஓட வைத்தார். அவர் கைக்குக் கோடி புண்ணியம்.

பைக் ஓடாமல் நின்றாலும் லித்தியம் பற்றரிக்கு வயதாகும், வெயிலில் இன்னும் வேகமாகத் தளரும். எங்கள் ஊர் வெயிலுக்கு அது சின்ன விஷயமில்லை. ஆகவே பெரிய திரையும் புது நிறமும் எனக்கு வேண்டாம். அடுத்த மொடலின் பற்றரி என் பழைய பைக்கின் சட்டத்துக்குள்ளும் பொருந்த வேண்டும், பிளக் மாறக்கூடாது. அதை உத்தரவாத அட்டையில் எழுதித் தரட்டும், நாளைக்கே என் கூடப் பிறந்த தம்பிக்கும் ஒன்று வாங்குகிறேன்.