அந்த அரை மணி நேரம்

கால்நடை மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடங்களில் ஒன்று, கருணைக்கொலைக்கு வருகிறவர்களிடம் பணத்தை முன்னதாகவே வாங்கிவிட வேண்டும் என்பது. கேட்டபோது கல்நெஞ்சக்காரத்தனமாக இருந்தது. பிறகுதான் புரிந்தது. எல்லாம் முடிந்து, வெறும் கழுத்துப்பட்டையைக் கையில் பிடித்தபடி அழுதுகொண்டு வருகிறவரை நிறுத்தி ரசீதை நீட்டக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. மற்றவர்கள் கண்ணில் படாமல் போவதற்குப் பக்கவாட்டில் ஒரு கதவு இருந்தது. தரையில் மெத்தை விரிப்பு இருந்தது. வேண்டும் வரை உட்கார்ந்திருக்கலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். யாரோ ஒருவர் மிகுந்த கரிசனத்தோடு இதையெல்லாம் யோசித்திருக்கிறார்.

அங்கே ஆறு ஆண்டுகள் இருந்தேன். அதே அறையில் ஊசியைப் பிடித்திருந்தவருக்கு என்ன ஏற்பாடு என்று யாரும் யோசித்ததை நான் பார்க்கவில்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஒரு நாள் காலை. சிறுநீரகம் செயலிழந்த கிழட்டு நாய். குட்டியாக இருந்த நாளிலிருந்து எங்கள் டாக்டர்தான் அதைப் பார்த்து வந்தார். முதலில் மயக்க ஊசி, அது தூங்கியதும் நரம்பில் இரண்டாவது ஊசி. பிறகு ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்க வேண்டும். தேவையான நேரத்தைவிட அதிகமாக அவர் கேட்டுக்கொண்டே இருந்தார் என்று உதவியாளர் அண்ணன் பிறகு சொன்னார். குடும்பத்தாரிடம் மெல்லிய குரலில் பேசினார். வெளியே வந்தார். கை கழுவினார். எதிர் அறையில் முதல் தடுப்பூசிக்கு வந்த குட்டி நாயும், அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்த இரண்டு குழந்தைகளும் காத்திருந்தார்கள். இரண்டு அறைகளுக்கும் நடுவே பத்தடி நடைபாதை. அந்தப் பத்தடிக்குள் ஒரு முகத்தைக் கழற்றிவிட்டு இன்னொரு முகத்தை மாட்டிக்கொண்டதை என் மேசையிலிருந்து பார்த்தேன். கதவைத் திறந்தபோது சிரித்துக்கொண்டிருந்தார். சிரிக்காமல் போயிருந்தால் அந்தக் குழந்தைகளுக்கு அது அநியாயம்தான். ஆனால் கழற்றி வைத்த அந்த முகம் எங்கே போகிறது? அன்று மாலைக்குள் இன்னும் இரண்டு முறை அதே நடைபாதை.

நம் மொழியில் இதற்கு இருக்கும் சொல்லையே பாருங்கள். கிரேக்கத்திலிருந்து வந்த யூதனேசியா என்ற சொல்லுக்கு 'நல்ல சாவு' என்பதுதான் பொருள். நாம் கருணையையும் கொலையையும் ஒட்டிவைத்து ஒரு சொல்லை ஆக்கிக்கொண்டோம். கருணை என்ற பாதியை விலங்கை வளர்த்தவரிடம் கொடுத்துவிடுகிறோம். 'நல்ல முடிவுதான் எடுத்தீர்கள், வலியிலிருந்து விடுதலை கொடுத்தீர்கள்' என்று தேற்றுகிறோம். மற்ற பாதி மருத்துவரோடு வீட்டுக்குப் போகிறது.

வலி தீர்க்க வழியில்லாத உயிரை விடுவிப்பதைப் பெரும்பாலான மருத்துவர்கள் ஏற்றுக்கொண்டுவிடுகிறார்கள் என்றே நினைக்கிறேன். துக்கம் இருக்கும், ஆனால் மனசாட்சி குத்தாது. அவர்களை அரிப்பது வேறு. காப்பாற்றியிருக்கக்கூடிய உயிர். சிறுநீர் அடைத்துக்கொண்ட ஆண் பூனை ஒன்றைக் கொண்டு வந்தார்கள். அடைப்பை நீக்கி, சில நாள் உள்ளே வைத்துப் பார்த்தால் பிழைத்திருக்கும். அவர்களிடம் அவ்வளவு பணம் இல்லை. அவர்களை நான் குற்றம் சொல்லமாட்டேன், மூன்று பேரும் அழுதார்கள். போகும்போது அந்த வீட்டுப் பெரியவர் டாக்டரைப் பார்த்து, "காசுக்காக ஒரு வாயில்லா ஜீவனைச் சாகடித்துவிட்டீர்கள்" என்றார். டாக்டர் பதில் சொல்லவில்லை. கட்டணத்தை முடிவு செய்பவர் அவரில்லை. சலுகை கேட்டு நிர்வாகத்தோடு கால் மணி நேரம் தொலைபேசியில் மன்றாடியதும் அந்தப் பெரியவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நானும் வாயைத் திறக்கவில்லை.

சரியென்று தெரிந்ததைச் செய்ய முடியாமல் போகும் இந்த வேதனைக்குப் பெயர் உண்டு. விலங்குகளோடு வேலை செய்பவர்களிடம் காணப்படும் இதை அறநெருக்கடி என்ற பொருளில் மெய்யியலாளர் பெர்னார்ட் ரோலின் 1980-களிலேயே எழுதினார். 2018-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக வட அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் 889 பேரிடம் கேட்டார்கள். தக்க சிகிச்சை கொடுக்க முடியாமல் குறுக்கே வரும் தடைகள் தங்களையோ தங்கள் ஊழியர்களையோ மிதமான அல்லது கடுமையான வேதனைக்கு உள்ளாக்குகின்றன என்று 70 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் சொன்னார்கள். தங்களைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று பயிற்சியே பெறாதவர்களும் 70 சதவீதத்துக்கு மேல். ஆண்டுக்கணக்கில் எலும்பையும் நரம்பையும் படிக்க வைக்கிறோம், இதற்கு ஒரு வாரம் ஒதுக்க முடியவில்லை.

அடுத்ததைத் தயங்கித் தயங்கித்தான் எழுதுகிறேன். அமெரிக்காவில் 1979 முதல் 2015 வரை இறந்த கால்நடை மருத்துவர்களைப் பற்றிய ஆய்வு 2019-இல் வெளியானது. பொது மக்களோடு ஒப்பிட்டால் தற்கொலையால் இறக்கும் வாய்ப்பு ஆண் மருத்துவர்களுக்கு 2.1 மடங்கும், பெண் மருத்துவர்களுக்கு 3.5 மடங்கும் இருந்தது. இந்த வேலைக்கு வந்தால் இதுதான் கதி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மிகப் பெரும்பாலானோர் தாக்குப்பிடித்து, இந்த வேலையை நேசித்தபடி ஓய்வு பெறுகிறார்கள். காரணமும் ஒன்று மட்டுமல்ல: நீண்ட வேலை நேரம், படிப்புக் கடன், தனிமை, இணையத்தில் வந்து விழும் வசைகள், ஒரு தவறுகூட நேரக் கூடாது என்ற பிடிவாதம். ஆனால் இந்த எண்களைப் பார்த்த பிறகும் 'பழகிவிடும்' என்று சொல்வதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கென்னத் டோகா என்ற ஆய்வாளர் 1989-இல், பிறர் அங்கீகரிக்காத துக்கம் என்ற ஒன்றைப் பற்றி எழுதினார். துக்கம் இருக்கிறது, ஆனால் அதைக் காட்ட உரிமை இல்லை. துக்கம் விசாரிக்க யாரும் வருவதில்லை. விலங்கை வளர்த்தவருக்கே 'வெறும் நாய்தானே' என்ற பேச்சு கிடைக்கிறது. மருத்துவமனையில் இருப்பவருக்கு அதற்கு மேல் ஒரு படி: 'உங்கள் நாய்கூட இல்லையே!'

மருத்துவர்களைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போனால் எனக்கு உறக்கம் வராது. ஊசி போகும்போது விலங்கைப் பிடித்திருப்பவர் உதவியாளர். உடல் கனத்துத் தொய்வதை முதலில் உணர்வது அவருடைய கைகள்தான். எங்கள் அண்ணன் ஒவ்வோர் உடலையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டபடிதான் தூக்குவார். "வா ராஜா, போகலாம்" என்று. கூண்டு கழுவுகிறவர், காப்பகங்களில் தான் சோறூட்டிய நாயையே மறுவாரம் மேசைக்குக் கொண்டு வருகிறவர், இவர்களைப் பற்றியெல்லாம் எந்தக் கூட்டத்திலும் பேச்சே எழுவதில்லை. ஆலோசகரை வரவழைத்தால்கூட மருத்துவர்களுக்கு மட்டும்தான்.

பிரிட்டனில் 2001-இல் கோமாரி நோய் பரவியபோது 60 லட்சத்துக்கும் மேற்பட்ட விலங்குகள் கொல்லப்பட்டன. அதன் வடு அந்தப் பணியில் இருந்தவர்கள் மனத்தில் நீண்ட காலம் இருந்ததைப் பின்னர் வந்த ஆய்வுகள் பதிவு செய்தன. கொல்லப்பட்டவற்றில் நோயில்லாத மந்தைகளும் உண்டு.

என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு: ஆண்டுக்கு ஒரு முறை கேக் வெட்டி, மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்துப் படம் எடுத்துப் போடுவதை தயவுசெய்து நிறுத்துங்கள். மூச்சுப் பயிற்சி நல்லதுதான். ஆனால் பாரத்தை ஏற்றுகிறவர் அதை இறக்காமல், சுமக்கிறவரிடம் 'நன்றாக மூச்சு விடு' என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. வேலை அட்டவணையை மாற்றுங்கள். ஒரே நாளில் ஒரே ஆளிடம் எத்தனை கருணைக்கொலை வரலாம் என்று வரம்பு வையுங்கள். 'இன்று என்னால் முடியாது' என்று காரணம் சொல்லாமலே மறுக்கும் உரிமை இருக்கட்டும். ஊழியரைத் திட்டும் வாடிக்கையாளரை எதிர்கொள்ள நிர்வாகத்தில் ஒருவர் முன்னே வரட்டும். மருந்து அலமாரியை ஒருவர் தனியாகத் திறக்க முடியாதபடி இருவர் பொறுப்பில் வையுங்கள். இது யாரையும் சந்தேகிப்பதற்காக அல்ல, மிக மோசமான ஓர் இரவில் கொஞ்சம் அவகாசம் கிடைப்பதற்காக.

கேட்க ஆள் இருந்தால் மனிதர்கள் பேசுகிறார்கள். பிரிட்டனில் வெட்லைஃப் என்ற அமைப்பு கால்நடை மருத்துவத் துறையினருக்கென்றே 24 மணி நேரத் தொலைபேசி உதவியை நடத்துகிறது. செவிலியரும் மாணவரும் அழைக்கலாம். அமெரிக்காவில் 2014-இல் ஒரு மருத்துவரின் மரணத்துக்குப் பிறகு சக மருத்துவர்களே சேர்ந்து தொடங்கிய குழுதான் 'நாட் ஒன் மோர் வெட்'. டென்னஸி பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவத்துக்கான சமூகப் பணி தனித் துறையாகவே வளர்ந்திருக்கிறது. இதைப் படிக்கும் நீங்கள் இந்தத் துறையில் இருந்து, சாவைப் பற்றிய எண்ணம் அடிக்கடி வருகிறது என்றால், இன்றே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நண்பர், மருத்துவர், உங்கள் நாட்டின் தற்கொலைத் தடுப்பு உதவி எண், யாராக இருந்தாலும் சரி.

எங்கள் டாக்டர் ஒரு கட்டத்தில் மூன்று வாரம் வரவில்லை. காலையில் காரை நிறுத்திவிட்டு இறங்க முடியாமல் உட்கார்ந்திருந்தவரை அண்ணன்தான் பார்த்து, கூடவே போய் வீட்டில் விட்டு வந்தார். 'குடும்பத்தோடு சுற்றுலா போயிருக்கிறார்' என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லும்படி எனக்கு உத்தரவு. சொன்னேன். கால் முறிந்திருந்தால் கால் முறிந்தது என்று சொல்லியிருப்போம். அந்தப் பொய்யை இன்றைக்கும் நினைத்து வருந்துகிறேன்.

மனநல சிகிச்சை எடுத்துக்கொண்டு அவர் திரும்பி வந்தார். ஒரு நிபந்தனையோடு வந்தார்: ஒவ்வொரு கருணைக்கொலைக்குப் பிறகும் அவருக்கும் அண்ணனுக்கும் அரை மணி நேரம் எந்த வேலையும் வைக்கக் கூடாது. வருமானம் குறையும் என்று நிர்வாகம் முனகியது, பிறகு ஒப்புக்கொண்டது. முன்பதிவு நோட்டில் அந்த இடங்களில் நானே பென்சிலால் கோடு போட்டு வைப்பேன். அந்த நேரத்தில் இருவரும் பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார்கள். சில நாள் பேசுவார்கள், சில நாள் பேச்சே இருக்காது.

ஒருமுறை நோட்டை எட்டிப் பார்த்த ஒருவர், "பதினொன்றரைக்குக் காலியாகத்தானே இருக்கிறது, எனக்குக் கொடுங்களேன்" என்று கேட்டார்.

"இல்லை, அந்த நேரத்தில் டாக்டருக்கு வேலை இருக்கிறது" என்றேன்.