ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்

பர்மாவில் நம் ஊர்க் கோயில் எதிர்வரிசைப் பழைய கடைகள் ஏழையும் இடித்த வீடியோவை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பாட்டுப் போட்டு நாலு குழுவில் எனக்கே அனுப்பினார்கள். மூன்று நாள் பேசாமல் இருந்தேன். நேற்று ஒருவர் "பழைய குப்பை போச்சு, ஊர் சுத்தமாச்சு" என்று எழுதியிருந்தார். அதற்கு மேல் முடியவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இடித்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. இடம் கோயிலுடையது. காண்ட்ராக்டருடன் பேசிப் புதுக் கட்டடம் எழுப்பிப் பாதிப் பாதி பிரித்துக்கொள்ள நிர்வாகத்துக்கு உரிமை உண்டு. ஆனால் மூன்று தலைமுறையாக அங்கே அடுப்பு மூட்டியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவ்வளவுதான்.

எங்களுடையது கோடிக் கடை. தேக்குச் சட்டம், இடையில் செங்கல், மேலே சுண்ணாம்புப் பூச்சு, தகரக் கூரை. ஏழு கடைக்கும் முன்னால் ஒரே தாழ்வாரம். மழை மாதங்களில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நனையாமல் போகலாம். காலையில் பிக்குகள் பிச்சைக்கு வரும்போது மழை பிடித்தால் அந்தத் தாழ்வாரத்தில்தான் ஒதுங்குவார்கள். யாங்கோனுக்கு எதிர்க்கரையில் இருக்கும் சிரியம் எண்ணெய் ஆலையில் நம் ஆட்கள் கூலிக்கு நின்ற காலத்தில், சம்பள நாளன்று அங்கே நிற்க இடம் இருக்காதாம். அத்தை சொல்லுவார்.

கடையை மூடுவது பலகைக் கதவு. பதினொரு பலகை, ஒவ்வொன்றிலும் எண். வரிசை மாறினால் கடைசிப் பலகை உட்காராது. 1964இல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது சரக்கோடு கணக்குப் புத்தகமும் போய்விட்டது. அந்த மே மாதமே 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். தாத்தாவின் தம்பிகள் கப்பலேறி மெட்ராஸ் போனார்கள். தாத்தா போகவில்லை. யார் யார் எவ்வளவு பாக்கி என்று நினைவிலிருந்து ஒன்பதாம் பலகையின் உள்பக்கம் மையால் எழுதி வைத்தார். தமிழ்ப் பெயரும் பர்மியப் பெயரும் கலந்து முப்பதுக்கு மேல். அதில் பல பெயர்களின் மேல் கோடு இழுத்திருக்கும். வருஷம் கழித்துத் தேடி வந்து கொடுத்தவர்கள். 1988க்குப் பிறகு தனியார் வியாபாரம் மறுபடி வந்ததும் அப்பா அதே பலகைகளைத்தான் கழற்றிக் கடை திறந்தார்.

அந்தப் பலகை இப்போது எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. மர வியாபாரி ஒருவர் லாரியில் ஏற்றிப் போனாராம். இதைத்தான் குப்பை என்கிறீர்கள்.

"நிலநடுக்கத்தில் விழுந்தால் யார் பொறுப்பு?" என்று கேட்பீர்கள். 2025 மார்ச் 28 எனக்கும் மறக்கவில்லை. 7.7 அளவு. ஆனால் மாண்டலேயில் சரிந்தவற்றில் புதிய அடுக்குமாடியும் இருந்ததே! நம் வரிசை கெட்டதற்குக் காரணம் வயது இல்லை. 2008இல் நர்கிஸ் புயல் கூரையைக் கொண்டுபோனது, இரண்டு வருஷம் தார்ப்பாய்தான். அப்புறம் சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்ட் பூசினார்கள். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் செங்கல் பொடிந்தது. வாடகை சொற்பம் என்று நிர்வாகம் கைவைக்கவில்லை, நம் இடம் இல்லையே என்று குடியிருந்தவர்களும் கைவைக்கவில்லை. எங்கள் வீட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கோயிலுக்கு வருமானம் வேண்டாமா, தமிழ் வகுப்பு நடக்க வேண்டாமா என்றால், வேண்டும். அதற்கு நான் எதிரி இல்லை.

"செட்டியார் காலத்து அடையாளம் எதற்கு, பர்மியர்களுக்குக் கசப்புதானே" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். கேள்வி நியாயம். 1938 வாக்கில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் செட்டியார்கள் கைக்குப் போயிருந்தது. அந்த வலி பொய்யில்லை. ஆனால் தம்பி, நம் வரிசையில் இருந்தது செட்டியார்களின் வட்டித் தொழில் நடந்த கிட்டங்கி இல்லை. பருப்புக் கடை, தையல் கடை, தேநீர்க் கடை. இங்கிருந்து போன தேக்கில் எழுந்த காரைக்குடி வீடுகளை இன்று ஊர் ஊராக வந்து பார்க்கிறார்கள். அதே தேக்கு இங்கே நின்றால் விறகா?

யாங்கோனில் 2012இல் பாரம்பரிய அறக்கட்டளை தொடங்கி, பெரிய கட்டடங்களில் நீலப் பலகை பதித்தார்கள். நல்ல காரியம். நம் ஊர்த் தாழ்வாரத்துக்கு யார் பதிப்பார்கள்? நாம்தானே பார்த்திருக்க வேண்டும்? நம்மில் எத்தனை பேர் வீட்டில் பட்டா இருக்கிறது, தாத்தாவின் பிறப்புப் பத்திரம் இருக்கிறது? இங்கேதான் இருந்தோம் என்று கைநீட்டிக் காட்ட அந்தச் சுவர் ஒன்றுதான் இருந்தது. அதையும் பாட்டுப் போட்டு இடித்தோம். இடித்தது தப்பு இல்லை என்று மேலே எழுதினேன். இல்லை, தப்புதான். பெரிய தப்பு.

யாங்கோனில் உட்கார்ந்துகொண்டு பேசாதே என்பவர்களுக்கு: அப்பாவின் காரியம் அந்தத் தாழ்வாரத்தில்தான் நடந்தது. நான் எங்கிருந்தும் பேசுவேன்.

பலகைகளை வாங்கிய மர வியாபாரியைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். ஒன்பதாம் எண் பலகை. உள்பக்கம் மை எழுத்து இருக்கும், இடது ஓரம் கரையான் அரித்திருக்கும். என்ன விலை சொன்னாலும் கொடுக்கிறேன். இழைத்துவிட வேண்டாம் என்று மட்டும் அவரிடம் சொல்லுங்கள்.