பொம்பெயியில் தோண்டாமல் விட்ட பகுதி

இத்தாலியில் உள்ள பழைய ரோமானிய ஊரான பொம்பெயியில் என்னை ரொம்ப நேரம் நிற்க வைத்தது கோயிலோ அரங்கமோ இல்லை. ஒரு தெரு. இரண்டு பக்கமும் வீடுகள், நடுவில் வண்டிச்சக்கரம் அரைத்து அரைத்துக் கல்லில் விழுந்த தடம். அந்தத் தெரு நேரே போய் ஒரு மண்மேட்டில் முட்டி நின்றுவிடுகிறது. மேட்டின் மேல் புல் முளைத்திருக்கிறது. தெரு என்னவோ அங்கே முடியவில்லை, மண்ணுக்குள் போய்க்கொண்டேதான் இருக்கிறது. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை கொட்டி ஊரையே மூடிய சாம்பலையும் நுரைக்கல்லையும் அந்தப் பக்கம் இன்னும் யாரும் அள்ளவில்லை.

ஊரின் மொத்தப் பரப்பு சுமார் 66 ஹெக்டேர். 1748இல் தோண்டத் தொடங்கினார்கள். இன்றும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்கடியில் இருக்கிறது. "இத்தனை வருஷமாக என்ன செய்தார்கள், மீதியையும் எடுத்துவிட வேண்டியதுதானே" என்று கூட வந்த நண்பர் கேட்டார். நேபிள்ஸில் ரயில் ஏறும்போது நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சாயங்காலம் வெளியே வரும்போது என் எண்ணம் மாறிவிட்டது. விட்டுவைத்ததுதான் சரி.

மாற்றியது அந்த உடல்கள். ஊரின் தென்கோடியில் ஒரு தோட்டத்தில் 13 பேர் விழுந்த இடத்திலேயே கிடக்கிறார்கள், குழந்தைகளும் உண்டு. ஒருவர் கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்க்கிறார். சாம்பல் இறுகிய பிறகு உள்ளே உடல் மட்கிப்போய், எலும்பைச் சுற்றி அவர்களுடைய உருவத்திலேயே ஒரு பொந்து மிஞ்சியது. இப்படிப்பட்ட பொந்துகளுக்குள் 1863இல் ஜூசெப்பே ஃபியோரெல்லி என்ற அகழாய்வாளர் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றினார். அது இறுகியதும் சுற்றியிருந்த சாம்பலைத் தட்டி எடுத்தால், துணியின் மடிப்போடு மனிதர்கள் வெளியே வந்தார்கள்.

1748க்கும் 1863க்கும் நடுவே 115 வருஷம். அவ்வளவு காலமும் கடப்பாறை பட்டு உடைந்த பொந்துகளை யார் எண்ணினார்கள்? அவர்களைக் குறை சொல்லி என்ன, அப்படி ஒரு வழி இருப்பதே அன்று தெரியாது. இன்று நமக்கு எது தெரியவில்லையோ! கையில் தங்கக் காப்போடு, மடியில் குழந்தையோடு கிடைத்த ஒருவரைத் தாய் என்றே வெகுகாலம் சொல்லிவந்தார்கள். 2024இல் வெளியான டி.என்.ஏ. ஆய்வில் அவர் ஆண் என்றும், குழந்தைக்கும் அவருக்கும் ரத்த உறவே இல்லை என்றும் தெரிந்தது.

வெளியே எடுத்ததைக் காப்பாற்றுவதும் லேசான வேலை இல்லை. 1943இல் நேசநாட்டு விமானங்கள் போட்ட குண்டில் சிதைந்து, கான்கிரீட் கூரை போட்டு நிறுத்தியிருந்த கிளாடியேட்டர்கள் என்ற அரங்கச் சண்டைக்காரர்களின் கட்டடம் 2010 நவம்பரில் அப்படியே சரிந்தது. அப்புறம் 10 கோடி யூரோவுக்கு மேல் ஒதுக்கித்தான் ஊரைச் செப்பனிட வேண்டியிருந்தது. வெயிலில் வெளுத்த சுவர்களைப் பார்த்துக்கொண்டே நடக்கும்போது வயிற்றைப் பிசைகிறது. (போகிறவர்கள் பாட்டில் எடுத்துப்போங்கள். நிழல் குறைவு. ஆனால் தெருவோரக் கல்தொட்டிகள் சிலவற்றில் இன்றும் குடிக்கத் தண்ணீர் வருகிறது.)

தோண்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மண்மேடு சரியும் ஆபத்து இருந்த ஓரங்களில் கொஞ்சம் தோண்டினார்கள். அதில்தான் ஒரு சாப்பாட்டுக் கடை முழுசாகக் கிடைத்தது. 2020 கடைசியில் அதன் படங்கள் வந்தபோது எல்லோரும் பகிர்ந்தோமே, அதுதான். கல்லா மேடையில் சேவலும் வாத்துகளும் நேற்றுத் தீட்டியதுபோல் இருந்தன. பானைகளின் அடியில் ஒட்டியிருந்ததைச் சோதித்து வாத்து, ஆடு, பன்றி, மீன், நத்தை என்று சொன்னார்கள். பழைய அவசரத்தில் தோண்டியிருந்தால் அந்த அடிமண்ணைக் கழுவிக் கொட்டியிருப்பார்கள்.

ரயிலுக்கு நேரம் இருந்ததால் அந்த மண்மேட்டுக்கே மறுபடி போனேன். புல்லுக்கு அடியில் ஒரு சுவரின் மேல்விளிம்பு, ஒரு சாண் அளவு, வெளியே தெரிந்தது. அதற்குக் கீழே ஒரு கதவு இருக்கும், உள்ளே ஒரு அடுப்பு இருக்கும். அங்கேயே இருக்கட்டும்.