எடுத்துக்கொள்ளுங்கள், இது உங்களுக்குத்தான்

போன வாரம் நண்பர் ஒருவர் நேரிலேயே கேட்டுவிட்டார். "படிச்சு முடிச்ச புத்தகத்தை எதுக்கு இப்படி கண்ட இடத்துல வச்சுட்டு வர்றீங்க? நூலகத்துக்குக் கொடுக்கலாம், இல்ல, எனக்காவது கொடுக்கலாம். யாராவது எடுத்துக் குப்பையில போட்டுட்டா?" அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நின்றபடியே இரண்டு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

ஆறு வருடங்களுக்கு முன்பு அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். உள்ளே போய்ப் பார்க்க ஒரு நாளைக்கு இரண்டு முறைதான் அனுமதி, அதுவும் ஐந்து நிமிடம். மீதி நேரமெல்லாம் வெளியே, வரிசையாகப் பூட்டி வைத்த இரும்பு நாற்காலிகளில். இரண்டாம் நாள் இரவு ஒன்றரை மணி இருக்கும். இரண்டு நாற்காலி தள்ளி ஒரு புத்தகம் கிடந்தது. யாரோ மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்துத் தொடவில்லை. ரொம்ப நேரம் கழித்தும் யாரும் வரவில்லை. எடுத்தேன். சிறுகதைத் தொகுப்பு. முதுகு கிழிந்து, அதன் மேல் நீளமாக டேப் ஒட்டியிருந்தது. அட்டையைத் திறந்தால் உள்பக்கத்தில் நீல மையில், வலப்பக்கம் சாய்ந்த கையெழுத்தில் இப்படி இருந்தது: "யாரும் தொலைத்த புத்தகம் இல்லை. உங்களுக்காகத்தான் வைத்திருக்கிறேன். படித்ததும் இதுபோல இன்னொரு இடத்தில் வைத்துவிடுங்கள்." பெயர் இல்லை, தேதி இல்லை.

அன்று இரவு மூன்று கதைகள் படித்தேன். ஒரே பத்தியை நாலைந்து தடவை படித்துப் படித்துத்தான் நகர முடிந்தது. மூன்றாவது கதையில் ஒரு வரிக்குக் கீழே பென்சில் கோடு. ஓரத்தில் சின்னதாக "ஆமாம்" என்று மட்டும் எழுதியிருந்தது. அந்த வரியில் பெரிய தத்துவம் ஒன்றும் கிடையாது. வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் மற்றவர்கள் எல்லாரும் கதவைச் சத்தமில்லாமல் சாத்தப் பழகிவிடுகிறார்கள் என்கிற மாதிரி ஒரு வரி. ஆனால் அந்த "ஆமாம்" என்னை என்னவோ செய்துவிட்டது. எனக்கு முன்னால் இதே நாற்காலிகளில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கும் உள்ளே யாரோ இருந்திருக்கிறார்கள். அவரும் இந்த வரியில் நின்றிருக்கிறார். "கவலைப்படாதீங்க, சரியாயிடும்" என்று அந்த இரண்டு நாளில் எத்தனையோ பேர் சொன்னார்கள். அவர்கள் எல்லாரும் அன்பாகத்தான் சொன்னார்கள். இருந்தாலும் எனக்குத் தெம்பு வந்தது அந்த ஒற்றைச் சொல்லில்தான்.

நான்காம் நாள் அப்பாவை வார்டுக்கு மாற்றினார்கள். புத்தகம் என்னோடு வீட்டுக்கு வந்தது.

இப்போது நண்பரின் கேள்விக்கு வருகிறேன். தெரிந்தவருக்குப் புத்தகம் கொடுக்கும்போது அதோடு ஒரு கேள்வியும் சேர்ந்தே போகிறது: "படிச்சாச்சா?" நாம் கேட்காவிட்டாலும் வாங்கியவர் காதில் அது கேட்டுக்கொண்டே இருக்கும். பிடிக்கவில்லை என்றால் சொல்லத் தயக்கம், படிக்கவில்லை என்றால் பார்க்கவே கூச்சம். முன்பின் தெரியாதவருக்கு விட்டுவிட்டு வரும் புத்தகத்தில் இந்தக் கடன் இல்லை. பத்துப் பக்கத்தில் மூடி வைக்கலாம். கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கலாம். யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாசிப்பில் இந்தச் சுதந்திரம் ரொம்ப முக்கியம் என்று நினைக்கிறேன். பலருக்கு வாசிப்பு கசந்துபோனதே, "படி, படி" என்று யாரோ தலைமேல் நின்றதால்தான்.

நூலகத்துக்குக் கொடுப்பதைப் பற்றி எனக்கு மறுப்பே கிடையாது. தாராளமாகக் கொடுங்கள், நானும் கொடுக்கிறேன். ஆனால் நூலகத்தின் படி ஏறுபவர் படிக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு ஏறுகிறார். அந்த எண்ணமே வராமல் போனவர்கள்? 1931இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகளை எழுதி வெளியிட்ட எஸ்.ஆர். ரங்கநாதன், இரண்டாவது விதியில் ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்றார். மூன்றாவதில் அதையே திருப்பிப் போட்டு, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்றார். அவர் நூலகத்துக்குள் இருக்கும் அலமாரிகளை மனதில் வைத்துத்தான் எழுதினார். எனக்கு அந்த மூன்றாவது விதி அலமாரிக்கு வெளியேயும் பொருந்துவதாகவே படுகிறது. அன்று ராத்திரி அந்தப் புத்தகத்தைத் தேடி நான் எந்த அலமாரிக்கும் போகவில்லை. அது நான் இருந்த இடத்தில் இருந்தது.

இதையே ஒரு இயக்கமாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். 2001 ஏப்ரலில் அமெரிக்காவில் ரான் ஹார்ன்பேக்கர் தொடங்கிய 'புக்கிராஸிங்' பற்றிச் சிலருக்குத் தெரிந்திருக்கும். டாலர் நோட்டு ஒன்று எந்தெந்த ஊருக்குப் போகிறது என்று அதன் எண்ணை வைத்துப் பின்தொடரும் ஒரு விளையாட்டு அங்கே ஏற்கெனவே இருந்தது. புத்தகத்துக்கும் அப்படி ஒன்று செய்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. புத்தகத்துக்கு ஒரு எண் வாங்கி உள்ளே ஒட்டி, எங்காவது விட்டுவிட்டு வர வேண்டும். கண்டெடுத்தவர் அந்த எண்ணைப் பதிவு செய்தால், புத்தகம் எங்கே இருக்கிறது, அவருக்கு எப்படி இருந்தது என்று விட்டவருக்குத் தெரியவரும். இப்படி வைத்துவிட்டு வருவதை அவர்கள் 'விடுவிப்பது' என்கிறார்கள். எனக்குப் பிடித்த சொல் அது. 2004இல் ஆக்ஸ்போர்டின் கன்சைஸ் அகராதியிலேயே 'புக்கிராஸிங்' இடம்பிடித்துவிட்டது.

நானும் ஐந்து புத்தகங்களுக்கு எண் போட்டு விட்டேன். ஒன்றுக்குக்கூடப் பதில் வரவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் தினமும் காலையில் பதில் வந்திருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்துவிட்டேன். கொடுத்ததை விட்டு மனம் போகவில்லை. ஐந்தாவது புத்தகத்துக்குப் பிறகு எண் போடுவதை நிறுத்தினேன். எண் போடுகிறவர்களைக் குறை சொல்லவில்லை. கடல் தாண்டிய புத்தகத்திடமிருந்து வருடங்கள் கழித்துச் செய்தி வருவது எவ்வளவு பெரிய சந்தோஷம்! என் சுபாவத்துக்கு அது ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். அந்த நீல மைக்காரர் எனக்கு எந்த எண்ணும் வைக்கவில்லை. இன்றுவரை அவர் யார் என்று தெரியாது, அவருக்கும் என்னைத் தெரியாது. அதில் ஒரு நிறைவு இருக்கிறது.

வீட்டு வாசலில் மரப்பெட்டி வைத்துப் புத்தகம் அடுக்கும் பழக்கம் இன்னொரு வகை. 2009இல் விஸ்கான்சின் மாநிலத்தில் ஹட்சன் என்ற ஊரில் டாட் போல் என்பவர், ஆசிரியையாக இருந்து மறைந்த தன் அம்மாவின் நினைவாக, சின்னப் பள்ளிக்கூடம் மாதிரியே ஒரு பெட்டி செய்து வாசலில் நட்டு வைத்தார். அமெரிக்கத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி தன் பணத்தில் உலகெங்கும் கட்டக் காரணமாக இருந்த நூலகங்கள் 2,509. இதுபோன்ற பெட்டிகளைப் பரப்பத் தொடங்கிய டாட் போலுக்கும் அவரோடு சேர்ந்தவர்களுக்கும் அந்த எண்ணிக்கையைத் தாண்டுவதுதான் முதல் இலக்கு. 2012இலேயே தாண்டிவிட்டார்கள். டாட் போல் 2018இல் காலமானார். இன்று நூறு நாடுகளுக்கும் மேல், ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் இருக்கின்றன. ஒரு மகன் அம்மாவை நினைத்து ஆணி அடித்த ஒரு பெட்டி எவ்வளவு தூரம் போயிருக்கிறது பாருங்கள்.

ஆனால் என் மனம் போவது காத்திருக்கும் இடங்களுக்குத்தான். மருத்துவமனை, ரயில் நிலையம், ஏதாவது அலுவலகத்தின் நீண்ட வரிசை, பிள்ளைகளை ஏதோ வகுப்பில் விட்டுவிட்டு வாசலில் நிற்கும் பெற்றோர். விரும்பாமல் உட்கார்ந்திருக்கும் மனிதருக்குப் புத்தகம் கைக்கு வரும்போது அது வேறு மாதிரி வேலை செய்கிறது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்களுக்காகவே சட்டைப் பைக்குள் அடங்கும் அளவில் புத்தகங்கள் அச்சிட்டார்கள். 1943 முதல் 1947 வரை 1,322 பதிப்புகள், 12 கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள். ஒருவர் படித்ததை அடுத்தவருக்குக் கொடுப்பார், அவர் அதற்கடுத்தவருக்கு. போர் என்றாலே சண்டை என்று நினைக்கிறோம். ஒரு வீரனின் நாட்களில் பெரும்பகுதி காத்திருப்பதிலேயே போகிறது. அந்த நேரத்துக்குத்தான் அந்தப் புத்தகங்கள். 2011 மார்ச்சில் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் முதல் 'உலகப் புத்தக இரவு' நடந்தபோது 20,000 தன்னார்வலர்கள் ஆளுக்கு 48 பிரதிகள் வீதம் மற்றவர்களுக்குக் கொடுத்தார்கள். பத்து லட்சத்தில் மீதி 40,000 பிரதிகளை மருத்துவமனை, சிறைச்சாலை போன்ற இடங்களுக்கு ஒதுக்கினார்கள். அந்த ஒதுக்கீட்டைச் செய்தவர் யாராக இருந்தாலும் அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருக்கிறது.

"ஓசியில் கொடுத்தால் எழுத்தாளன் எப்படிப் பிழைப்பான்?" என்று ஒரு வாதம் வரும். இதில் நான் கறாராகவே இருக்கிறேன். காசு கொடுத்து வாங்கிய என் பிரதியை நான் யாருக்கும் தரலாம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1908இலேயே, விற்றுவிட்ட பிரதியை வாங்கியவர் மறுபடி எப்படிக் கைமாற்றுகிறார் என்பதில் பதிப்பாளருக்கு அதிகாரமில்லை என்று சொல்லியிருக்கிறது. என் கையை விட்டுப் போனால் என்னிடம் அது இல்லை, அவ்வளவுதான் கணக்கு. வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் அனுப்புவது அப்படியல்ல. அங்கே ஒன்று ஆயிரமாகிறது, அனுப்பியவருக்கு ஒன்றும் குறைவதில்லை, எழுதியவருக்கு மட்டும் குறைகிறது. "வாசிப்பைப் பரப்புகிறேன்" என்று சொல்லி பிறர் உழைப்பை ஸ்கேன் செய்து அனுப்புகிறவர்கள் தயவுசெய்து அதையும் இதையும் ஒன்றாகப் பேசாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டை ஒழிக்கும்போது கழித்துக்கட்டும் புத்தகங்களை வைக்காதீர்கள். காலாவதியான தேர்வு வழிகாட்டி, நீங்களே இருபது பக்கம் தாண்டாத நாவல் இதெல்லாம் எதற்கு? உங்களுக்குக் கொடுக்க மனம் வராத புத்தகம் எதுவோ அதை வையுங்கள். வேண்டுமானால் இன்னொரு பிரதி வாங்கி வையுங்கள். நல்ல புத்தகம் கிடைத்தவர்தான் அடுத்த புத்தகத்தைத் தேடுவார்.

வைக்கும் விதமும் இருக்கிறது. நான் முதன்முதலில் விட்ட புத்தகம் பூங்கா பெஞ்சில் ஒரே மழையில் ஊறி, இரண்டு மடங்கு தடித்து, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. மறுநாள் நானே அதை எடுத்துக்கொண்டு வந்தேன். அன்றைக்கு மனசு கனத்துவிட்டது. அதிலிருந்து திறந்தவெளி என்றால் உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் உறைதான். பொட்டலமாகக் கட்டக்கூடாது. கேட்பாரற்ற பொட்டலத்தைப் பார்த்தால் ஜனங்கள் பயப்படுவார்கள், அது அவர்கள் தவறில்லை. விமான நிலையம் பக்கமே வேண்டாம். அப்புறம், எழுதும் குறிப்பு உள்ளே மட்டும் இருந்தால் போதாது. அட்டையிலேயே "எடுத்துக்கொள்ளுங்கள்" என்று பெரிதாக ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள். அடுத்தவர் பொருளைத் தொடக்கூடாது என்று வளர்க்கப்பட்ட நல்ல மனிதர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு அனுமதி வேண்டும்.

அந்த டேப் ஒட்டிய சிறுகதைத் தொகுப்பை இரண்டு வருடம் நான் யாருக்கும் விடவில்லை. "இன்னொரு இடத்தில் வைத்துவிடுங்கள்" என்று எழுதியிருந்ததை மீறித்தான் வைத்திருந்தேன். ஒரு நாள் அதைத் திறந்து, அந்த "ஆமாம்" என்ற சொல்லுக்குக் கீழே பென்சிலால் நானும் "ஆமாம்" என்று எழுதினேன். மறுநாள் காலை ரயில் நிலையத்துக் காத்திருப்போர் அறையில் ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தேன்.

முதலில் வந்தவர் அதை நகர்த்திவிட்டுப் பையை வைத்தார். அவர் போனபின் ஒரு பெரியவர் வந்தார். சீட்டைப் படித்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். எடுத்து இரண்டு பக்கம் புரட்டி, இருந்த இடத்திலேயே நேராக, ஓரம் சரிசெய்து வைத்துவிட்டுப் போனார். வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். மறுபடி எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, புத்தகத்தை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உள்பக்கத்தை ரொம்ப நேரம் படித்தார். அப்புறம் தோள்பையின் ஜிப்பைத் திறந்து, உள்ளே இருந்த துண்டை ஒதுக்கி, அதற்கு அடியில் புத்தகத்தை வைத்தார். ரயில் வந்தது. போய்விட்டார்.

இப்போது மேஜையில் அடுத்தது தயாராக இருக்கிறது. அட்டைக்குச் சீட்டு வெட்டியாகிவிட்டது. உள்பக்கத்தில் எழுத வேண்டியதுதான் பாக்கி.